அழைப்பு இணைகிறது, ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கவில்லை: எங்கே பார்ப்பது?

அனைவருக்கும் வணக்கம்.

கணினியில் இணைய அழைப்பு. மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், அவர் பேசுவது நமக்குக் கேட்கிறது. நாம் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. உடனே "உங்கள் மைக் போய்விட்டது" என்பார்கள். மைக்கைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். அது சரியாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது கேட்காதவரின் ரூட்டரையும் ஃபயர்வாலையும்தான்.

முதலில் மைக். விண்டோஸின் குரல் பதிவுச் செயலியில் பத்து வினாடி பேசிக் கேளுங்கள். பதிவு ஊமையாக இருந்தால் ஹெட்செட்டின் வயரில் உள்ள மியூட் பொத்தானைப் பாருங்கள். அடுத்து, தனியுரிமை அமைப்பில் மைக்ரோபோன் பகுதி. டெஸ்க்டாப் செயலிகளுக்கு அங்கே தனி சுவிட்ச் உண்டு, அதைப் பலரும் தவறவிடுகிறார்கள். நான்கு உலோகப் பகுதி கொண்ட ஒற்றை 3.5 மி.மீ. பின்னை, பச்சை, இளஞ்சிவப்பு என இரண்டு துளை உள்ள கணினியில் நேரே செருகினால் ஒலி வரும், மைக் வேலை செய்யாது. பிரிப்பான் வயர் வேண்டும். பதிவு நன்றாக இருந்தும் அழைப்பில் குரல் போகவில்லையென்றால், செயலிக்குள் வேறு மைக் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாம் சரி என்றால் கோளாறு வழியில். எஸ்ஐபி (இணைய அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் நெறிமுறை) வகை அழைப்பில் மணி அடிக்கும் செய்தி ஒரு வழியாகவும் குரல் வேறொரு வழியாகவும் போகின்றன. செய்திக்கு வழக்கமாக 5060 போர்ட் (தகவல் வந்துபோகும் எண்ணிட்ட வாயில்). குரல் ஆர்டிபி என்ற முறையில் பாக்கெட்டுகளாக (சிறு தகவல் துண்டுகளாக), வினாடிக்குச் சுமார் 50 என்ற கணக்கில், வேறு யூடிபி (ஒப்புகைக்குக் காத்திராமல் அனுப்பும் முறை) போர்ட்டுகளில் போகும். "எனக்கு வர வேண்டிய குரலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று ஒவ்வொரு பக்கமும் அழைப்பின் தொடக்கத்தில் சொல்லும். ரூட்டருக்குப் பின்னால் உள்ள கணினி 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டால், வெளியிலிருந்து அதற்கு யாராலும் அனுப்ப முடியாது. அதனால்தான் கேட்காதவர் பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறேன்: தவறான முகவரியைச் சொன்னது அவர் கணினி.

கேட்காதவர் வீட்டு வைஃபையை விட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து மீண்டும் அழைக்கட்டும். குரல் வந்துவிட்டால் ரூட்டர்தான் காரணம். அதில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை அணைத்து, ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். உதவி செய்வதற்கென்று வைத்த வசதிதான், ஆனால் பல ரூட்டர்களில் முகவரியைத் தப்பும் தவறுமாக மாற்றி எழுதிவிடுகிறது. பிறகு சாஃப்ட்போனில் (கணினியில் உள்ள அழைப்புச் செயலியில்) ஸ்டன் சர்வரை இயக்குங்கள் (வழக்கமான போர்ட் 3478). வெளி முகவரியைக் கணினி அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

ஹாட்ஸ்பாட்டிலும் குரல் வரவில்லையா? விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். அடுத்த சந்தேகம் விண்டோஸ் ஃபயர்வால். செயலியை முதன்முறை திறந்தபோது அது அனுமதி கேட்டிருக்கும்; அங்கே ரத்து என்று அழுத்தியிருந்தால் உள்வரும் பாக்கெட்டுகளுக்குத் தடை விதி உருவாகிவிடும். உள்வரும் விதிகளின் பட்டியலில் அந்தச் செயலியின் பெயரில் உள்ள தடைகளை நீக்கிவிட்டு அனுமதி கொடுங்கள்.

போர்ட் திறப்பதாக இருந்தால் 16384 முதல் 16403 வரை என்று சின்ன வரம்பாக, சாஃப்ட்போனிலும் ரூட்டரிலும் ஒரே எண்களைக் கொடுங்கள். யூடிபி மட்டும் போதும். கணினிக்கு நிலையான உள்முகவரி ஒதுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நாளைக்கு அது மாறிப் பழைய கதைதான். டிஎம்இசட்டில் (வெளியிலிருந்து வருவதையெல்லாம் ரூட்டர் ஒரே கணினிக்கு அனுப்பிவிடும் அமைப்பு) கணினியை வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லாப் போர்ட்டும் வெளியே தெரியும்.

கோளாறு தெரியும் நேரமும் தடயம்தான். நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, ஒருவர் சற்றுநேரம் மௌனமாக இருந்தபின் குரல் நின்றால், மௌனத்தில் பாக்கெட் அனுப்பாத அமைப்பை அணைத்துவிடுங்கள். பாக்கெட் ஓடாததால் ரூட்டர் வழியை மூடிவிடுகிறது. அழைப்பே 32 வினாடியில் துண்டிக்கப்பட்டால் அது வேறு: எடுத்ததற்கான ஒப்புகைச் செய்தி வந்து சேரவில்லை.

ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், இணையச் சேவையாளரே பலருக்கும் ஒரே முகவரியைப் பகிர்ந்திருக்கிறார். அங்கே போர்ட் திறந்து பயனில்லை. ஸ்டன்னும் கைவிட்டால், குரலை இடையில் வாங்கிக் கடத்தும் டர்ன் சர்வர் உள்ள சேவைக்கு மாறுங்கள்.