எரிந்த மலைக்குக் கீழே மனை வாங்க ஃபெமா பணம்: எந்தத் தலைப்பில், எங்கே சிக்குகிறது?

ஓடைக்கரை:
2017 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் 'தாமஸ்' என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ. அடுத்த மாதமே, 2018 ஜனவரி 9 அன்று, மான்டெசிட்டோவில் சேறும் பாறையும் இறங்கி 23 பேர் இறந்தார்கள். பிறகு சான் இசிட்ரோ ஓடையோரம் ராண்டால் ரோட்டில் இருந்த மனைகளைக் கவுண்டியே (அங்கே மாவட்ட நிர்வாகம் மாதிரி) வாங்கி, கல்லையும் மண்ணையும் பிடித்து நிறுத்த ஒரு பெரிய குட்டை வெட்டியது. ஃபெமா, அதாவது அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் முகமை, தந்த பணமும் அதில் உண்டு. ஆனால் ஃபெமா பணத்தில் வாங்கிய மனையில் எதுவுமே கட்டக்கூடாது என்றும் படித்தேன். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? விற்பவருக்கு விலை எப்படிப் போடுகிறார்கள்?

மண்வெட்டி:
இரண்டும் வேறு வேறு மானியத் தலைப்புங்க. இதைக் கலக்கித்தான் பல விண்ணப்பங்கள் கெட்டுப்போகின்றன.

ஒன்று, வீட்டை வாங்கி இடித்துத் திறந்தவெளியாக விடுவது. கிரயப் பத்திரத்திலேயே நிரந்தரக் கட்டுப்பாடு ஏறிவிடும். பூங்கா, புல்வெளி, தளம் போடாத வண்டி நிறுத்துமிடம் மாதிரியானவற்றுக்குத்தான் இடம். கரைச்சுவர், அணைக்கட்டு, தார்ச்சாலை எதுவும் கூடாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உள்ளூர் நிர்வாகம் போய்ப் பார்த்து, மனை அப்படியே இருக்கிறது என்று அறிக்கை தர வேண்டும். எத்தனை காலத்துக்கு? முடிவே கிடையாது.

இன்னொன்று, தடுப்புக் குட்டைத் திட்டம். இதில் மனையின் விலை திட்டச் செலவில் ஓர் இனம், குழி வெட்டுவதும் கான்கிரீட்டும் போல. குட்டை வேண்டும் என்றால் முதல் நாளிலிருந்தே இந்தத் தலைப்பில்தான் கேட்க வேண்டும். 'முதலில் திறந்தவெளி என்று வாங்கிப் போடுவோம், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்' என்று நினைத்தால் பத்திரத்தில் இருக்கும் வாசகமே குறுக்கே நிற்கும்.

குட்டைக்கு ஆயுள் முழுக்கத் தூர்வாரும் செலவு உண்டு. அதை மானியம் தராது. ஒரே பெருமழையில் நிரம்பிவிடும், அடுத்த மழைக்குள் லாரி வைத்து அள்ளியாக வேண்டும், அள்ளிய மண்ணைக் கொட்டவும் இடம் வேண்டும்.

சரிவுமானி:
மேலே சொன்னது சரி. அதைவிடப் பெரிய சிக்கல் கணக்கில் இருக்கிறது: தவிர்க்கும் சேதம் (அதுதான் பயன்) செலவுக்குக் குறையாமல் இருக்கிறது என்று விண்ணப்பத்தில் காட்ட வேண்டும்.

தீ பட்ட சரிவில் சாம்பலை ஒதுக்கிவிட்டு மண்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சேம்பிலைமேல் நிற்பதுபோல முத்தாக நிற்கும். 40 விநாடி தாண்டியும் உறிஞ்சவில்லை என்றால் கடுமையான நீர்விலக்கு என்று களத்தில் குறித்துக்கொள்வார்கள். எரிந்த செடிகளின் மெழுகு ஆவியாகி, சற்றுக் கீழே குளிர்ந்த மண்துகள்மேல் படிவதால் வருவது இது. நாள்கணக்கில் பெய்யும் மழைகூட இங்கே பெரிதில்லை, 15 நிமிடம் கொட்டும் மழைதான் ஆளைக் கொல்லும். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் அபாய வரைபடமும் 15 நிமிடச் செறிவை வைத்துத்தான் போடப்படுகிறது. 23 பாகைக்கு மேல் சரிந்த இடத்தில் எவ்வளவு பங்கு நன்றாக எரிந்தது என்பது அதில் முக்கியமான உள்ளீடு.

செடி திரும்ப முளைத்து வேர் பிடித்தால் அபாயம் குறையும். முதல் இரண்டு வருஷம் உச்சம், ஐந்து வருஷத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். வீடு வாங்கும் திட்டத்துக்கோ பயனைக் கணக்கிடும் காலம் 100 வருஷம். ஆகவே இந்தத் தப்பு நடக்கிறது: தீக்குப் பிந்தைய முதல் வருஷச் சேதத்தை எடுத்து நூறு வருஷத்துக்கும் நீட்டிவிடுகிறார்கள். பரிசீலனையில் அது முதல் பார்வையிலேயே அடிபடும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு: வீட்டுக்கு எதிர்பார்க்கும் சேதம் முதல் மூன்று வருஷம் ஆண்டுக்கு 40,000 டாலர், பிறகு 2,000 என்று வையுங்கள். முதல் பகுதி 1,20,000. மீதி 97 வருஷத்துக்கு 1,94,000. வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அந்த இரண்டாம் பகுதி ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விடும். வீட்டு விலை 5,00,000 என்றால் பயனைச் செலவால் வகுத்த விகிதம் ஒன்றைத் தொடாது. அதே மனையில் குட்டை வந்தால் கீழே இருக்கும் வீடுகள், சாலை எல்லாம் பயன் பக்கம் சேரும். எரிந்த மலையடியில் தனி வீட்டை மட்டும் வாங்கும் விண்ணப்பம் திணறுவது இதனால்தான்.

வில்லங்கம்:
விலைக்கு வருவோம். திறந்தவெளித் தலைப்பில் மத்திய அரசுப் பங்கு பொதுவாக 75 விழுக்காடு வரை, மீதி 25 உள்ளூரிலிருந்து. விற்பவர் தாமாக முன்வர வேண்டும். கட்டாயக் கையகப்படுத்தலைக் காட்டி மிரட்டினால் அந்த மனைக்குப் பணம் கிடையாது. பேரிடருக்கு முந்தைய சந்தை மதிப்பைத் தரலாம், ஆனால் பேரிடர் நாளில் அவர்தான் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும். பிறகு வாங்கியவருக்கு அந்தச் சலுகை இல்லை.

அதிலிருந்து இரட்டைப் பலன், அதாவது அதே சேதத்துக்கு வேறு வழியில் ஏற்கெனவே வந்த பணம், கழியும். மதிப்பு 5,00,000, வீட்டுச் சேதத்துக்குக் காப்பீட்டில் வந்தது 1,20,000, அதில் 30,000-க்குப் பழுதுபார்த்த ரசீது இருக்கிறது. கழிவது 90,000 மட்டும், ஆக 4,10,000. ரசீதைத் தொலைத்தால் அந்த 30,000-மும் போச்சு. வங்கிக் கடன் பாக்கி கிரயத்தன்றே நேராக வங்கிக்குப் போகும்.

வாடகைக்குக் குடியிருப்பவரை மறக்கிறார்கள். விற்பது உரிமையாளரின் விருப்பம், காலி செய்வது குடியிருப்பவரின் விருப்பமில்லை. எனவே அவருக்கு இடமாற்ற உதவி சட்டப்படி தர வேண்டும், அதைத் திட்டச் செலவில் முதலிலேயே காட்டுங்கள். கிரயம் முடிந்து 90 நாளுக்குள் கட்டடம் போய்விட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் சோதனை, செப்டிக் டேங்க், கிணறு மூடுவது எல்லாம் அந்த 90 நாளுக்குள் அடங்கும். அவசரப்பட்டு மானிய ஒப்புதலுக்கு முன்னாலேயே வேலையைத் தொடங்கினால் அந்தச் செலவு பொதுவாகத் தேறாது.

ஓடைக்கரை:
நன்றி. வெள்ளம் வருவதற்கு முன்பே, தீ அணைந்த கையோடு பணம் கேட்க வழி உண்டா?

மண்வெட்டி:
உண்டு. 2018 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, ஃபெமா தீயணைப்பு உதவி அறிவித்த தீ ஒவ்வொன்றுக்கும் தணிப்பு நிதி (வரப்போகும் சேதத்தை முன்கூட்டியே குறைக்கும் பணம்) வரும். வெள்ளம் வந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கவுண்டியின் பேரிடர் தணிப்புத் திட்டம் காலாவதி ஆகியிருக்கக் கூடாது, அதன் ஆயுள் ஐந்து வருஷம். வேளாண் துறையின் வெள்ளச் சமவெளி உரிமைத் திட்டம் (நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை அரசு விலைக்கு வாங்குவது) வேறு மாதிரி: நிலம் கடந்த ஆண்டில் ஒருமுறையோ, பத்தாண்டில் இருமுறையோ வெள்ளத்தில் மாட்டியிருக்க வேண்டும், அதனால் முதல் மழைக்கு முன் பயன்படாது.

எந்த வழியானாலும் முதல் மழைக்காலத்துக்குள் கிரயம் முடியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அதுவரை அந்த வீட்டுக்காரருக்கு வெள்ளக் காப்பீடு எடுத்துவிடுங்கள். வழக்கமான 30 நாள் காத்திருப்பு, எரிந்த மத்திய அரசு நிலத்திலிருந்து வரும் வெள்ளத்துக்குப் பொருந்தாது, தீ கட்டுக்குள் வந்த 60 நாளுக்குள் பாலிசி வாங்கியிருந்தால்.