ஊரடங்கு முடிந்தும் திரும்பாத நித்திரை

கேள்வி (முல்லைத்தீவு)

2020 மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது நான் கிளிநொச்சி அறிவியல்நகரில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியை மூடியதால் வீட்டிற்கு வந்திருந்தேன். பகலில் டேட்டா போதாது என்பதால், நள்ளிரவு 12 மணிக்குப் பின் கிடைக்கும் இரவுநேர டேட்டாவில் விரிவுரைகளைத் தரவிறக்கி, விடியப்புறம் 3 மணிக்குப் படுத்து, 11 மணிக்கு எழும்புவது வழக்கமாயிற்று. இப்போது வேலைக்குப் போகிறேன். ஆனாலும் பாயில் சாய்ந்தவுடன் நெஞ்சு படபடக்கிறது, நாளைய காரியங்கள் ஒவ்வொன்றாய் வந்து நிற்கின்றன. பதகளிப்பினால் நித்திரை கெட்டதா, நித்திரை கெட்டதால் பதகளிப்பு வந்ததா? குளிசை எடுக்கலாமா?

மறுமொழி 1 (உளவளத்துணையாளர், வவுனியா)

இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. எது முந்தியது என்று தேடுவதைவிட, எந்த இடத்தில் பிடித்து நிறுத்தலாம் என்று பார்ப்பதே பயன் தரும். பெருந்தொற்றின் முதலாம் ஆண்டில் பதகளிப்பும் மனச்சோர்வும் உலகளவில் ஏறத்தாழ 25 சதவீதம் அதிகரித்ததாகவும், இளையோர் கூடுதலாகப் பாதிக்கப்பட்டதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. ஆகவே இதை உங்கள் மனப் பலவீனமாக எண்ண வேண்டாம். முடக்கநிலையில் பலர் வழமையைவிட நீண்ட நேரம் படுக்கையில் கிடந்தும், நித்திரையின் தரம் குறைந்தே இருந்தது. காலை வெயில் படாமலும் எழும்பும் நேரம் நிலையில்லாமலும் போனால் உடலின் உட்கடிகாரம் பின்தள்ளிப் போகும். விழித்திருக்கும் நேரம் கூடக் கூடத்தான் நித்திரைக்கான உந்துதல் சேரும். பிந்தி எழும்புகிறவருக்கு அது இரவு 10 மணிக்குள் சேர்ந்துவிடாது.

உங்கள் விடயத்தில் பாயே படிக்கும் இடமாகவும் யோசிக்கும் இடமாகவும் மாறியிருக்கலாம் என நினைக்கிறேன். நித்திரை வராமல் சுமார் 20 நிமிடம் கழிந்துவிட்டதாகத் தோன்றினால் எழுந்து திண்ணையில் அமைதியாக இருந்து, கண் சொருகும்போது மட்டும் திரும்புங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும்பும் நேரத்தை மாற்றாதீர்கள். முதல் வாரம் கடினமாகவே இருக்கும். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு மேல் இப்படித் தொடர்ந்தால் அது நாட்பட்ட நித்திரையின்மை. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் காட்டுங்கள். குளிசையை வைத்தியர் சொல்லாமல் எடுக்க வேண்டாம். இரவில் தாங்க முடியாமற் போனால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்திற்கு அழைக்கலாம்.

மறுமொழி 2 (புதுக்குடியிருப்பு)

துணையாளர் சொன்னவற்றை ஏற்கிறேன்; எனினும் வன்னிக்கென்று ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஊரடங்கு என்ற சொல்லும் சந்தியில் நின்ற சீருடையும் எங்கள் பெற்றோருக்கு 2009இன் இறுதிப் போரைத் திருப்பிக் கொண்டுவந்தன. என் அம்மா அரிசியையும் பருப்பையும் பைகளில் கட்டி வாசலருகே வைத்துவிட்டு, இரவெல்லாம் விழித்திருந்தார். அவர் புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் நானும் விழித்துக்கொள்வேன். பதுங்குகுழியில் நித்திரை கொண்ட பிள்ளைகள் நாங்கள். வீட்டில் ஒருவரின் பயம் மற்றவரின் உடலுக்குத் தெரியாமல் இராது. உங்கள் வீட்டில் வேறு யாரும் விழித்திருக்கிறார்களா?

கேள்வி கேட்டவர்

அப்பா விழித்திருக்கிறார். இதுவரை அதை நான் சேர்த்து யோசிக்கவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

மறுமொழி 1

கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். அவருக்குத் தனியாகவும் நேரம் ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். பிள்ளைக்கு முன்னால் எல்லாவற்றையும் அவர் கதைக்க மாட்டார்.