பிட்யூட்டரி அழற்சி: ஸ்டீராய்டை எவ்வளவு வேகமாகக் குறைப்பது?

நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் உதவி தேவை. ஒரு நோயாளிக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய பிட்யூட்டரி (மூளையின் அடியில் உள்ள சுரப்பி) அழற்சி. எம்.ஆர்.ஐ.யில் சுரப்பி சீராக வீங்கி, அதை மூளையோடு இணைக்கும் தண்டும் தடித்திருக்கிறது. கடும் தலைவலி, பக்கப்பார்வை குறைவு. காலை 8 மணி கார்டிசால் (உடலே சுரக்கும் ஸ்டீராய்டு) டெசிலிட்டருக்கு வெறும் 2 மைக்ரோகிராம். தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4-உம் குறைவு.

முதலில் கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகுதான் தைராய்டுக்கான தைராக்சின். வரிசை மாறினால் அட்ரீனல் நெருக்கடி (கார்டிசால் போதாமல் உயிருக்கே ஆபத்து) வரலாம் என்பதால் இதில் சமரசமே இல்லை. பார்வைக்காக உயர் அளவு மெத்தில்பிரெட்னிசொலோன் ஸ்டீராய்டு தொடங்கியாயிற்று. மறுநாளே சிறுநீர் 5 லிட்டர்! கார்டிசால் குறைவு மறைத்து வைத்திருந்த வாசோபிரெசின் (சிறுநீர் அளவைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்) குறைபாடு வெளியே வந்துவிட்டது. இப்போது இரவில் அதற்கு ஈடான டெஸ்மோபிரெசின் 0.1 மி.கி. மாத்திரை. சோடியம் சரிந்துவிடும் என்பதால் தினமும் பார்க்கிறோம்.

வாய்வழி பிரெட்னிசொலோனுக்கு மாற்றிய பின் எத்தனை வாரத்தில் குறைக்கிறீர்கள்? அவசரப்பட்டால் வீக்கம் திரும்புகிறது, இழுத்தால் சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும். திரும்பினால் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளில் அசதயோபிரினா, ரிட்டுக்சிமாபா? இதே போன்ற வீக்கம் தரக்கூடிய காசநோய், சார்காய்டு, ஐ.ஜி.ஜி.4 நோய்களுக்கான பரிசோதனைகளில் எதுவும் சிக்கவில்லை. பயாப்சி (திசு எடுத்துப் பார்ப்பது) எந்தக் கட்டத்தில் கேட்பீர்கள்? ஸ்டீராய்டுக்குப் பிறகு எடுத்தால் திசு தெளிவாகச் சொல்லாதே என்பதுதான் பெரிய கவலை.