தேக்குச் சருகில் வெள்ளைப் பூஞ்சை: தென்னைக்கு ஆகுமா?

வணக்கம்ங்க. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. வேலியோரத் தேக்குச் சருகை வாரித் தென்னைக்கு மூடாக்காகப் போட்டிருக்கிறேன். மழைக்கு அப்புறம் மேல்சருகு மொரமொரவென்றே இருக்கிறது. அடிச்சருகு வெளிறி, வெள்ளை நூல் படர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. லிக்னினை (இலைக்கும் மரத்துக்கும் உறுதி தரும் பொருள்) சிதைக்கும் பூஞ்சை இலையை இப்படி வெளுக்க வைக்கும், அதில் பயமில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன்தான், "அடித்தண்டழுகல் வந்துரும், கொளுத்திப்போடுங்க" என்கிறார். அந்த நோய்க்குக் காரணம் கானோடெர்மா என்கிற பூஞ்சை, வேரையும் அடித்தண்டையும் பிடிப்பது. எங்கள் மரங்களில் சாறு வடியவில்லை, தூரில் காளானும் இல்லை. கொளுத்த மனசு வரவில்லை.

தேக்கிலை மூடாக்கு போட்டவர்கள் சொல்லுங்க: தூரிலிருந்து எத்தனை அடி தள்ளிப் போடுகிறீர்கள்? சாணிக்கரைசல் தெளித்தால் சீக்கிரம் மக்குகிறதா? நோய்ப் பூஞ்சையை அடக்க விடுகிற டிரைக்கோடெர்மா என்ற நன்மைப் பூஞ்சையை விட்டால் இந்த வெள்ளைப் பூஞ்சையையும் அமுக்கிவிடுமா? படம் வேண்டுமென்றால் போடுகிறேன்.