தாயெகோவிடம் பாட்டி கேட்ட கேள்வி

செல்வி: நேற்று இரவு ‘ஒன்லி யெஸ்டர்டே’ பார்த்தேன். 1991இல் வந்த ஜப்பானியப் படம், இசாவோ தகஹாதா இயக்கியது. அனிமேஷன்தான், ஆனால் பெரியவர்களுக்கான காதல் படம். டோக்கியோவில் வேலை பார்க்கும் 27 வயது தாயெகோ லீவு போட்டுவிட்டு, யமகதா என்ற கிராமப்புறத்தில் அக்கா வீட்டுக்காரரின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வயல் வேலை செய்கிறாள்.

பிரவீன்: கார்ட்டூனில் வயல் வேலையா? எத்தனை மணிக்குத் தூங்கினாய்? 😂

பெரியப்பா: என்ன பயிர்?

செல்வி: குசும்பா என்கிற பூச்செடி பெரியப்பா, பூவிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பார்கள். விடிவதற்குள் போய்விடுகிறார்கள், பனியில் நனைந்து முள் மெத்தென்று இருக்கும்போதே பூவைப் பறித்தாக வேண்டும். அப்புறம் கழுவி, மிதித்து, புளிக்கவைத்து, இடித்து, வடை மாதிரி தட்டிக் காயவைக்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்தச் சாயம் கியோத்தோவுக்குப் போய்விடும், கையில் முள் குத்திப் பறித்த பெண்களோ அதை உதட்டில் பூசியதே இல்லையாம்.

பெரியப்பா: பறிக்கிறவளுக்கு எந்த ஊரில்தான் கிடைத்திருக்கிறது? சரி, காதல் படம் என்றாயே, பையன் எங்கே?

செல்வி: தோஷியோ. ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயம் செய்கிறான், காரில் ஹங்கேரி நாட்டுப்புறப் பாட்டு. 2016இல் வந்த ஆங்கில டப்பிங்கில் அவனுக்குக் குரல் தேவ் பட்டேல்! காதல் வசனமே கிடையாது, இரண்டு பேரும் மண்ணையும் காட்டையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் காடும் ஓடையும் தானாக வந்த இயற்கை இல்லை, விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக உழைத்து உண்டாக்கியது என்கிறான். சிரித்தால் கன்னத்தில் கோடு விழுகிற அளவுக்கு வரைந்திருக்கிறார்கள்.

சுதா அத்தை: பெரியவர்கள் யாரும் பேச்சை எடுக்கவில்லையா?

செல்வி: அந்த வீட்டுப் பாட்டி நேராகவே கேட்டுவிடுகிறார் அத்தை, அவனைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிடேன் என்று. இவள் பதில் சொல்லாமல் வெளியே ஓடிவிடுகிறாள்.

சுதா அத்தை: கேட்டதில் என்ன தப்பு? யாராவது கேட்டால்தானே நடக்கும்.

பிரவீன்: அந்தப் பாட்டி நம் வீட்டு ஆள்தான் 😂😂

செல்வி: தப்பு இல்லைதான், ஆனால் லீவில் வந்து ஊர் அழகு என்பதும் அங்கேயே குடியிருப்பதும் ஒன்றா? தான் இவ்வளவு நாளும் மேலோட்டமாக ரசித்துவிட்டோம் என்று அவளுக்குச் சுருக்கென்றிருக்கிறது. தோஷியோ வந்து காரில் ஏற்றிக்கொள்கிறான். அங்கே அவள் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஐந்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த அபேயைப் பற்றிச் சொல்கிறாள். ஏழைப் பையன், அழுக்குச் சட்டை. பள்ளி மாறிப் போகும்போது எல்லோரிடமும் கைகுலுக்கியவன், உன்னோடு மட்டும் மாட்டேன் என்றிருக்கிறான், ஏனென்றால் அவனை மனதுக்குள் அதிகம் அருவருத்தவள் தான்தான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லை, உன்னிடம்தான் அவன் அவனாக இருந்திருக்கிறான் என்கிறான் தோஷியோ. எனக்குக் காதல் காட்சி அதுதான்.

பெரியப்பா: பையன் பொறுமைசாலி. விவசாயிதான்.

பிரவீன்: முடிவைச் சொல்லிவிடாதே, இன்றைக்கே பார்க்கிறேன்.

செல்வி: பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்து போய்விடாதே, அதற்குள்தான் முடிவே இருக்கிறது.

சுதா அத்தை: எனக்குத் தனியாகச் சொல், கல்யாணம் நடந்ததா இல்லையா?