பிள்ளைகளின் கலை வகுப்புக்கு உள்ளாட்சிப் பணம் போகலாமா?

கரிக்கோல்:
எங்கள் நகராட்சி மாதாமாதம் ஓர் அறிவிப்புத் தாள் வெளியிடும். இந்த மாதத் தாளில், குடிநீர்க் குழாய் பராமரிப்புக்கும் தெருவிளக்கு ஒப்பந்தத்துக்கும் நடுவே ஒரே ஒரு வரி: "பள்ளி மாணவர்களுக்கான வாராந்தரக் கலை வகுப்புகள் மறுசீரமைக்கப்பட்டு ஆண்டுக் கலைவிழாவாக நடத்தப்படும்." போய் விசாரித்தால், வகுப்பு நின்றுவிட்டது, அந்தப் பணம் முழுவதும் விழாவுக்குப் போகிறது என்கிறார்கள். பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வகுப்பில் என்ன நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓவிய வாத்தியார் முதல் மாதம் வண்ணத்தையே கண்ணில் காட்ட மாட்டார். பழைய தாள், ஒரு துண்டுக் கரி, அவ்வளவுதான். இடது கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, அதையே வாரா வாரம் வரைய வேண்டும். முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் ஐந்து வாழைப்பழம் ஒட்டியதுபோல் ஏதோ வரைவார்கள். மாதக் கடைசியில் ஒரு சிறுமி, நகக்கண்ணில் இருந்த அழுக்கு, மோதிர விரலில் இருந்த தழும்பு எல்லாவற்றையும் சேர்த்து வரைந்திருந்தாள். இதை ஒருநாள் விழாவில் எப்படிக் கொண்டுவர முடியும்? விழா வேண்டாம், வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வரிகட்டுகிறவன்:
நான் எதிர்க்கட்சி. விழாவும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம். உள்ளாட்சி என்பது குப்பை, தண்ணீர், சாலை, வடிகால். மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் நடக்கிற தெருவில் இருந்துகொண்டு ஓவிய வகுப்புக்கு ஒதுக்கீடு கேட்பது எனக்கு ஒவ்வவில்லை. கலை வேண்டும் என்கிற பெற்றோர் சொந்தச் செலவில் அனுப்பட்டும்.

இன்னொன்று. "கலை கற்றால் மூளை வளரும்" என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். மொசார்ட்டின் இசையைக் கேட்டால் அறிவு கூடும் என்று ஒரு காலத்தில் அமளிதுமளிப்பட்டதே, அதன் மூலம் 1993ல் வந்த ஒரு சின்னச் சோதனை. கல்லூரி மாணவர்கள் 36 பேர். இடம், வடிவம் பற்றிய ஒருவகைப் புதிரில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம், அதுவும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு. குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையே அல்ல. அதை நம்பி 1998ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத் தட்டு கொடுக்க பட்ஜெட்டில் 1,05,000 டாலர் கேட்டார். பொதுப்பணம் இப்படித்தான் கரையும்.

கணக்கு_டீச்சர்:
மொசார்ட் கதையில் உங்களோடு சண்டை இல்லை சார். ஆனால் அதோடு ஆராய்ச்சி முடிந்துவிடவில்லையே. ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளுக்கு மட்டும் கூடுதல் கலை நிகழ்ச்சிகள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஊர்க் கலைஞர்களையும் கலை அமைப்புகளையும் பள்ளிக்குள் கொண்டுவந்த திட்டம். மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை 10,548 மாணவர்கள். 2019ல் முடிவு வெளிவந்தது. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான பிள்ளைகளின் விகிதம் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது. எழுதும் திறனுக்கான தேர்வில் மதிப்பெண் 0.13 திட்ட விலக்கம், அதாவது சிறிதளவு, கூடியது. பிறர் படும் துன்பத்தைக் கண்டு இரங்குவதும் கூடியிருந்தது.

கணக்கில் மாற்றம் எதுவும் இல்லை. கணக்கு டீச்சர் நானே சொல்கிறேன், நம்புங்கள்.

வரிகட்டுகிறவன்:
அப்படியானால் டீச்சர், எழுத்து வர வேண்டும் என்றால் நல்ல மொழி ஆசிரியர் ஒருவரைப் போடுவதுதானே? தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவானேன்?

கணக்கு_டீச்சர்:
இந்தக் கேள்விக்காகத்தான் மதிப்பெண்ணை வைத்துக் கலையை நியாயப்படுத்த எனக்கே பிடிப்பதில்லை. நகராட்சிப் பூங்காவில் ஊஞ்சல் கட்டும்போது, "இதனால் அறிவியல் மதிப்பெண் எவ்வளவு கூடும்?" என்று யாரும் கேட்பதில்லை. நூலகத்துக்கும் கேட்பதில்லை. ஓவியத்துக்கு மட்டும் ஏன் இந்த நுழைவுத் தேர்வு? ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டு குழந்தை உரிமை உடன்படிக்கை, 31ஆம் பிரிவு: ஓய்வு, விளையாட்டு, பண்பாட்டு வாழ்விலும் கலையிலும் பங்கு. மூன்றும் ஒரே பிரிவில்தான் இருக்கின்றன. அங்கே மதிப்பெண் பேச்சே இல்லை.

முன்னாள்_உறுப்பினர்:
ஒரு தவணை மன்றத்தில் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில், விழா ஏன் எப்போதும் ஜெயிக்கிறது என்று சொல்கிறேன். விழா என்றால் பந்தல், ஒலிபெருக்கி, கேடயம், சிறப்பு விருந்தினர். ஒரே கோப்பு, நாலைந்து பில், ஒரே நாளில் கணக்கு முடிந்துவிடும். தலைவர் மேடையில் நிற்கிற படம் அடுத்த மாத அறிவிப்புத் தாளில் முதல் பக்கத்தில் வரும். வாராந்தர வகுப்பு என்றால் ஒவ்வொரு வாரமும் பயிற்றுநர் மதிப்பூதியம், வருகைப் பதிவேடு, அறைச் சாவி யாரிடம், தூரிகை வாங்கிய ரசீது எங்கே என்று இழுத்துக்கொண்டே போகும். தணிக்கையில் ஆட்சேபணை வந்தால் பதில் எழுத வேண்டியது ஒரு எழுத்தர். அவர் ஏன் வகுப்பை விரும்பப் போகிறார்? நிதியாண்டு முடியப்போகிறது, பணம் மிச்சம் இருக்கிறது என்றால், செலவழிக்க விழாவைவிடச் சுலபமான வழி கிடையாது.

அப்புறம் வரிகட்டுகிறவன் நண்பருக்கு ஒரு திருத்தம். "உள்ளாட்சியின் வேலை இல்லை" என்று அடித்துச் சொல்ல முடியாது. இந்தியாவை எடுத்துக்கொண்டால், 74ஆவது திருத்தத்தோடு அரசமைப்பில் சேர்ந்த, நகராட்சிகளுக்குத் தரக்கூடிய பணிகளைப் பட்டியலிடும் 12ஆவது அட்டவணையில் 13ஆவது இனமே பண்பாடு, கல்வி, அழகியல் சார்ந்தவற்றை வளர்ப்பதுதான். ஆனால் மாநிலம் விரும்பினால் அந்தப் பொறுப்பைத் தரலாம், கட்டாயமில்லை. நார்வேயில் கட்டாயம். 1997 முதல் ஒவ்வொரு நகராட்சியும், தனியாகவோ பக்கத்து ஊரோடு சேர்ந்தோ, பிள்ளைகளுக்கு இசை, கலைப் பள்ளி நடத்தியாக வேண்டும் என்று சட்டம்.

வரிகட்டுகிறவன்:
நார்வேயில் எண்ணெய்ப் பணம் இருக்கிறது ஐயா. அங்கேயும் அந்தக் கலைப் பள்ளிகளில் கட்டணம் உண்டு, காத்திருப்போர் பட்டியல் உண்டு. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முன்னாள்_உறுப்பினர்:
உண்டு, மறைக்கவில்லை. பட்டியலில் ஆள் காத்திருக்கிறது என்றால் கேட்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

தோல்வாத்தியம்:
பேச்செல்லாம் மேலே மேலேயே போகிறது. நான் இப்படி ஒரு திட்டத்தில் தாளம் சொல்லிக்கொடுத்தவன். வகுப்புக்கு இவ்வளவு என்று பேச்சு. பள்ளி விடுமுறை வாரத்தில் சம்பளம் இல்லை, தேர்வு வாரத்தில் இல்லை, மழை என்று பிள்ளைகள் வராவிட்டாலும் இல்லை. வந்த பணமும் அடுத்த பருவத்தில்தான் வந்தது. வாத்தியங்களைக் குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவரிடம் வாங்கினார்கள். தோல் மெல்லிசு, வார் இழுக்க இழுக்கத் தொய்ந்துவிடும், ஈரக்காற்று அடித்தால் தொப் தொப்பென்று அட்டைப்பெட்டி மாதிரி சத்தம். இரண்டு வாத்தியத்தை நாற்பது பிள்ளைகள் மாற்றி மாற்றி அடித்தால் ஒருவனுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும், நீங்களே வகுத்துப் பாருங்கள். மீதி நேரம் தொடையில் தட்டுவார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், தொடையில் தட்டியவர்களுக்குத்தான் தாளம் சுத்தமாக வந்தது.

அதற்காக விழாவை ஆதரிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். விழா அறிவித்ததும் பள்ளிகள் செய்யும் முதல் வேலை, ஏற்கெனவே நன்றாக ஆடுகிற எட்டுப் பேரைப் பொறுக்கி எடுப்பது. மற்றவர்கள் கைதட்ட. எட்டுப் பேரும் ஒரே ஒரு நாலு நிமிட உருப்படியை மாதக்கணக்கில் உருப்போடுவார்கள். அதைத் தவிர வேறொன்று கேட்டால் முழிப்பார்கள்.

கணக்கு_டீச்சர்:
கேரளத்தைப் பாருங்கள். 1957ல் தொடங்கிய பள்ளிக் கலோத்சவம், இன்றைக்கு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மேடையேறும் விழா. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் நடுவர் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு, நீதிமன்றம் வரை போனவர்கள், உடைக்கும் ஒப்பனைக்கும் கடன் வாங்கிய பெற்றோர் என்று அதன் மறுபக்கமும் ஊரறிந்தது. கலாதிலகம், கலாபிரதிபா என்று தனிப்பட்டம் கொடுத்து வந்தவர்கள், போட்டி முற்றிப்போனதால் 2006ல் அந்தப் பட்டங்களையே கைவிட்டார்கள்.

கரிக்கோல்:
தோல்வாத்தியம் அண்ணா, நீங்கள் சொன்ன சம்பளப் பிரச்சினைதான் எங்கள் ஊரிலும். வாத்தியார் பாதியில் போய்விடுவார், புதியவர் வருவார், பிள்ளைகள் மறுபடியும் இடது கையிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

நாலாம்வகுப்பு_அம்மா:
இவ்வளவு பேரும் வகுப்பா விழாவா என்று அடித்துக்கொள்கிறீர்கள். எனக்கு அந்த வகுப்பு இருந்ததே நிறுத்திய பிறகுதான் தெரியும்! அறிவிப்புத் தாள் நகராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கும், இணையதளத்தில் ஏற்றியிருப்பார்கள். யார் பார்ப்பது? "முதலில் வருபவர்களுக்கு முன்னுரிமை" என்று போட்டால், முதலில் வருவது யார் வீட்டுப் பிள்ளை? கரிக்கோல் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வகுப்பில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் தாளைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாதவர்கள்?

சும்மா கேட்கவில்லை. வெனிசுவேலாவின் இசைத் திட்டத்தை உலகமே கொண்டாடுகிறது. ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975ல் தொடங்கியது, ஏழைப் பிள்ளைகளைக் கரையேற்றும் திட்டம் என்று பேர். அதில் 16 மையங்களில் 2,914 பிள்ளைகளைக் குலுக்கலில் பிரித்து ஆராய்ந்தார்கள், முடிவு 2017ல் வெளியானது. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் கொஞ்சம் கூடியது, சரி. ஆனால் சேர்ந்த பிள்ளைகளின் குடும்பங்களில் வறுமை 16.7 சதவீதம்தான், அதே மாநிலங்களில் பொதுவாக இருந்த வறுமை 46.5 சதவீதம். ஏழைகளுக்கென்று திறந்த கதவில் யார் நுழைந்தார்கள் என்று பாருங்கள். கட்டணமும் இல்லாமலேயே இந்த நிலை.

வரிகட்டுகிறவன்:
அம்மா, நான் முதலிலிருந்து சொன்னதை நீங்கள் புள்ளிவிவரத்தோடு சொல்லிவிட்டீர்கள். காசு கொடுத்து அனுப்பக்கூடியவர்களுக்குத்தான் பொதுப்பணம் போகிறது. ஆக, நிறுத்தியது சரி.

நாலாம்வகுப்பு_அம்மா:
நிறுத்தச் சொல்லி நான் எங்கே சொன்னேன்? என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். நீங்கள் சொல்கிறபடி நிறுத்தினால், முடிந்தவர்கள் காசு கொடுத்து வேறிடம் போவார்கள், என் பிள்ளைக்கு அப்போதும் இல்லை.

கரிக்கோல்:
அக்கா கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். பெரும்பாலும் தாளைப் படிக்கிற வீட்டுப் பிள்ளைகள்தான். அதனால் சனிக்கிழமை வகுப்பே வேண்டாம் என்று கேட்கலாம். அதே வாத்தியாரைப் பள்ளி நேரத்துக்குள் பள்ளிக்கே அனுப்பட்டும். எல்லாப் பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள், விண்ணப்பமே தேவையில்லை.

கணக்கு_டீச்சர்:
கேட்க நன்றாக இருக்கிறது. ஓவியப் பீரியடைப் பறிப்பது யார் தெரியுமா? நாங்கள்தான். தேர்வு நெருங்கினால் முதல் பலி ஓவியம், அடுத்தது விளையாட்டு. வெளியிலிருந்து வருகிற பயிற்றுநருக்கு ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலிகூட இருக்காது, தன் பீரியடைக் கேட்டு வாங்க அவருக்கு ஏது பலம்? இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகராட்சி 1963ல் தன் முதல் பாலர் பள்ளியைத் திறந்தது. அங்கே லோரிஸ் மலகுட்சி கொண்டுவந்த முறையில், பள்ளிக்குள்ளேயே ஒரு கலைக்கூடம், அதற்கென்று கலை படித்த ஒரு நிரந்தர ஆசிரியர், மற்ற ஆசிரியர்களுக்குச் சமமாக. விருந்தாளி இல்லை. அப்படி வைத்தால்தான் நிற்கும்.

தோல்வாத்தியம்:
நிரந்தரப் பணியிடமா? கேட்கவே காது குளிர்கிறது. சம்பளத்தை மாதாமாதம் கொடுத்தாலே போதும் என்கிற இடத்தில் நாங்கள் நிற்கிறோம்.

வரிகட்டுகிறவன்:
நிரந்தரச் சம்பளம் என்றால் ஒவ்வோர் ஆண்டும் ஏறும். விழாவையாவது அடுத்த ஆண்டு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை: வடிகாலா, வாத்தியாரா?

முன்னாள்_உறுப்பினர்:
இரண்டும் ஒரே பானையில் இல்லை நண்பரே. வடிகால் பெரும்பாலும் மூலதனச் செலவு, மானியத்திலும் கடனிலும் வருவது. பயிற்றுநர் ஊதியம் நடப்புச் செலவு. இந்த வகுப்பை நிறுத்திய பணம் ஒரு கல்கூட வடிகாலுக்கு வராது, பந்தல்காரருக்குத்தான் போகும். அதுதான் அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறதே.

கரிக்கோல், நீங்கள் மனு போடுவதென்றால் "கலையை வாழவிடுங்கள்" என்றெல்லாம் எழுதாதீர்கள், கோப்பில் தூங்கும். இந்த மாற்றத்துக்கு மன்றத் தீர்மானம் உண்டா, எந்தத் தேதி, விழாவுக்கான மதிப்பீடு எவ்வளவு என்று கேளுங்கள். வகுப்பின் வருகைப் பதிவேட்டு நகலையும் கேளுங்கள். எந்தப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பது அதில் இருக்கும், அந்த அம்மாவின் கேள்விக்கும் அங்கேதான் பதில். அறிவிப்பை இனி ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பி, வகுப்பில் வாசிக்கச் சொல்ல வேண்டும் என்பதைத் தனி மனுவாகப் போடுங்கள். செலவில்லாத காரியம், மறுக்கக் காரணம் கிடைக்காது.

நாலாம்வகுப்பு_அம்மா:
அந்த இரண்டாவது மனுவில் என் கையெழுத்தை முதலில் போடுகிறேன். முதல் மனுவில் பதிவேட்டைப் பார்த்துவிட்டு.

வரிகட்டுகிறவன்:
பந்தல் மதிப்பீடு கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள். வகுப்புக்காக வரமாட்டேன், ஆனால் அந்தத் தொகை எப்படி வந்தது என்று கூட்டத்தில் நானே எழுந்து கேட்பேன். வடிகாலையும் சேர்த்துத்தான் கேட்பேன், அதற்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது.