வெண்மணல் வந்தால் குழியை மூடலாமா? பாடசாலைக் காணியில் பரிசோதனை அகழ்வு

படுவான்கரையான்:
மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில், புதுப் பாடசாலைக் கட்டடம் வாற காணியில் பழைய குடியிருப்பு புதைஞ்சு கிடக்கா எண்டு பார்க்க மூலைக்கு ஒண்டாக 4 குழி போட்டாங்களாம். 3 அடியில் வெண்மணல் வந்ததாம், அதுதான் கன்னிமண்ணாம், அதாவது மனிசர் கைபடாத இயற்கை மண்ணாம், இனி அத்திவாரம் வெட்டலாமாம். கொங்கிறீட் நேற்று எழுதின தீர்ப்பு இது. கடலும் காற்றும் மணல் கொட்டுற கரையில் வெண்மணல் எப்படிக் கன்னிமண் ஆகும்? 2004 சுனாமி மணலுக்குக் கீழே பொலித்தீன் கிடக்கும். அதுக்கும் கீழே பழைய குடியிருப்பின் கறுத்த மண் இருந்தால்? 100க்கு 25 அடிக் கட்டடம் 232 சதுர மீற்றர். ஒரு மீற்றர்க் குழி நாலு எண்டால் 2 வீதம்கூட வராது.

கொங்கிறீட்:
அண்ணன், மண் பரிசோதனைக்கு 20 அடித் துளை மூன்று போட்டாச்சு. ஒரு பானை ஓடும் வரல்ல. பிள்ளைகள் தகரக் கொட்டிலில் வேகட்டும், நீங்க பானை தேடுங்க.

படுவான்கரையான்:
தண்ணி அடிச்சு இறக்குற துளையில் வாறது சேறு. ஒன்றரை மீற்றருக்கு ஒருக்காத்தான் மாதிரி எடுப்பாங்க. மாதிரி எடுக்கிற குழாயின் உள்விட்டம் 35 மில்லிமீற்றர், அதுக்குள்ள பானை வாய் நுழையுமா? தூண் 5 அடி இறங்குது, குழி 3 அடியில் நிக்குது. மிச்சம் 2 அடியை ஆர் பார்த்தது, மண் வெட்டுற பெக்கோ இயந்திரமா? வெண்மணல் வந்ததாலேயே அது கன்னிமண் ஆகிடாது.

கல்முனைக் காத்து:
சொல்லுறது லேசு. மணலில் 4 அடிக்குக் கீழே குழிச்சுவர் நிக்காது. மேலே 3க்கு 3 மீற்றர் திறந்து படிபடியா ஒடுக்கினால்தான் அடியில் ஒரு மீற்றர் மிஞ்சும். மாரியில் தோண்டினால் தண்ணி மேலேயே ஊறும். மோட்டார் போட்டால் தண்ணியோட மணலும் வரும், சுவர் சரியும், மேல் ஓடு கீழ் அடுக்கில் கலந்துபோகும். ஆவணி, புரட்டாதியில் வேலையை முடிக்கோணும். மட்டக்களப்பாருக்கு இது விளங்கினால்தானே.

படுவான்கரையான்:
நான் கேட்டது கன்னிமண், நீங்க சொல்லுறது பஞ்சாங்கம். குழி அடியில் 4 அங்குலப் பிவிசி குழாயை இறக்கி அதுக்குள்ள கைத்துளைப்பான் விடுங்க. குழாய் இல்லாட்டி ஈரமணல் துளையை மூடிப்போடும். 10 சென்ரிமீற்றருக்கு ஒருக்கா வாற மண்ணைத் தறப்பாளில் வரிசையா வையுங்க. வெள்ளைக்குக் கீழே கறுப்பு வந்தால் குழி இன்னும் முடியல்ல.

சல்லடை:
தோண்டின மணலை அரிக்கிற அரிதட்டின் கண்ணைப் பற்றி ஏன் ஒருத்தரும் பேசல்ல? 5 மில்லிமீற்றர் கண்ணில் பாசிமணி விழுந்துபோகும். 2 மில்லிமீற்றர் வேணும்.

கொங்கிறீட்:
2 மில்லிமீற்றரில் மணலை அரிச்சு முடியமுன் பிள்ளைகள் ஏ.எல். பரீட்சையே எழுதிடுவாங்க. கூலி ஆர் தாறது, சல்லடையா?

கல்முனைக் காத்து:
கூலியை விடுங்க. கட்ட முன்னம் தொல்பொருள் மதிப்பீடு செய்யோணும் எண்டு தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் 1998 திருத்தம் வந்து எத்தனை வருசம்? அந்த மதிப்பீட்டுக்கான காசைக் கட்டடச் செலவுக் கணக்கிலேயே போடாமல் விட்டது ஆர்? பொறியியலாளர்மார்தான்.

கொங்கிறீட்:
போன மாதம் பெக்கோ வாளியில் பல்லைக் கழட்டச் சொல்லிச் சண்டை பிடிச்ச அதே கூட்டம். சுரண்டினாலும் மணல் மணல்தான்.

படுவான்கரையான்:
பல் உள்ள வாளி மண் நிறமாறும் இடத்தைக் கிழிச்சுப்போடும். தட்டையான வாளியால் 10 சென்ரிமீற்றர் சீவினால் பழைய வீட்டுக்குக் கம்பம் நட்ட குழி வட்டமாகத் தெரியும். அதை அண்டைக்கே சொன்னேன், நீர் வாசிக்கல்ல. இப்பவும் பதில் இல்லை: 3 அடி வெண்மணலுக்குக் கீழே என்ன?

கொங்கிறீட்:
மணல்.

படுவான்கரையான்:
பார்த்தீரா?